ஒழுங்காகக் கை காட்டியவன்

"பொய் சொல்லவும் ஒரு தகுதி வேணும்டா! திருடன் சீட் பெல்ட் போட்டானாம். இண்டிகேட்டர் போட்டானாம். லாரிக்கு வழி விட்டுட்டுக் கிளம்பினானாம். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

ஷூ கம்பெனி முதலாளி போட்ட சத்தத்தில், பேக்கிங் கூடத்தில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. நடுவில் தலை குனிந்து நின்றவர் கம்பெனி வேன் டிரைவர். முதலாளி தனியறையில் வைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் பார்க்க ஆளில்லாத இடத்தில் கோபப்படுவது அவருக்குக் கட்டுப்படியாகாது.

கூடத்தின் ஓரம் பசை டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் சர்வேயர் அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் நசுங்கின வண்டிகளைச் சுற்றி வந்து, யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்குக் கார் ஓட்டுவதும், ஓட்டாத நேரத்தில் வாய் ஓட்டுவதும் கணவரின் தம்பி.

"அண்ணி, முதலாளி தொண்டைக்கு ஒரு சைலன்சர் மாட்டலாம்" என்றான் கொழுந்தன் மெதுவாக.

"நீ முதல்ல உன் தொண்டைக்கு மாட்டு."

நடந்தது இதுதான். மறுநாள் அடுத்த நகரத்தில் பெரிய கண்காட்சி. அங்கே வைக்க வேண்டிய ஒரே ஒரு ஜோடி ஷூவை முதலாளி தன் கையாலேயே பெட்டியில் போட்டு, வேனின் முன்சீட்டில் வைத்து, காலையில் அனுப்பினார். சாதாரண ஷூ இல்லை. 'தையலே இல்லாத ஷூ.' முதலாளியின் மாப்பிள்ளை வடிவமைத்தது. தையலுக்குப் பதிலாக வெறும் பசை. உலகம் இன்னும் யோசிக்காத புதுமை என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார். பாதி வழியில் பெட்டி போய்விட்டது. டிரைவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம்" என்றார் முதலாளி, சர்வேயர் பக்கம் திரும்பி. "இவன்கிட்ட உண்மையைக் கக்க வைங்க. இல்லன்னா போலீஸ்ல ஒப்படைச்சிருவேன்."

"இவர்தான் எடுத்தார்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நான் எதுக்கு?"

"பெட்டி வேணுமே!"

மாடிப்படியில் நின்றிருந்த மாப்பிள்ளை, கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு பெருமூச்சு விட்டார். "விடுங்க மாமா. என் உழைப்பு போச்சு, அவ்வளவுதானே. படிக்காதவங்களுக்கு அதோட அருமை எங்கே தெரியப்போகுது?"

டிரைவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "மேடம், எனக்கு இந்த வேலை போனா வேற வேலை பார்த்துக்குவேன். ஆனா திருடன்னு பேர் வந்துட்டா, எவன் என்னை நம்பி வண்டிச் சாவியைக் கொடுப்பான்? அதை மட்டும் காப்பாத்துங்க."

சர்வேயர் அவரை வாசலுக்கு அழைத்துப் போய், வேனின் படியில் உட்கார வைத்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. முட்டாள்தனமாத் தோணுறதையும் விடாம சொல்லுங்க. அதுதான் எனக்கு வேணும்."

டிரைவர் சொன்னார். நெடுஞ்சாலையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் ரொம்ப நேரம் பின்னாலேயே வந்தது. நெருங்கவே இல்லை. பிறகு தூரத்திலிருந்தே இரண்டு தடவை விளக்கை மினுக்கியது. எதிரே காலியாகும் வரை காத்திருந்து, இண்டிகேட்டர் போட்டு, முந்தியது. முந்தும்போது ஜன்னலில் ஒரு கை. முதலில் வேனின் இடது பின்சக்கரம் இருக்கும் பக்கம் நீட்டிக் காட்டியது. பிறகு உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து, மெதுவாக மேலும் கீழும் அசைத்தது. வேகத்தைக் குறை என்று அர்த்தம். பிறகு அந்தக் கார் சடாரென்று முன்னால் நுழையவில்லை. இடம் விட்டு வந்து, லாரிகள் ஒதுங்கும் அகலமான ஓரத்துக்கு ரொம்ப முன்னாலேயே இடது இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டி, அங்கே ஒதுங்கி நின்றது.

"டயர்ல ஏதோ கோளாறுன்னு நல்ல மனுஷன் யாரோ சொல்றாருன்னு நினைச்சேன் மேடம். நானும் பின்னாடியே ஒதுங்கினேன். இறங்கி இடது பக்கம் போய்க் குனிஞ்சு பார்க்குறேன், டயர் நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள அந்த ஆள் வலது பக்கமா வந்து, திறந்திருந்த கதவு வழியாப் பெட்டியை எடுத்துட்டுப் போய் உட்கார்ந்துட்டான். தொப்பி, முகமூடி, மழைக்கோட்டு. முதுகைத்தான் பார்த்தேன்."

"நம்பர்?"

"டிக்கியில இருந்து ஒரு சாக்கு தொங்கி மறைச்சிருந்துச்சு. ஓடிப்போய் டிக்கியைத் தட்டினேன். ஆனா அவன் பெல்ட்டைப் போட்டான். கண்ணாடியைப் பார்த்தான். இண்டிகேட்டர் போட்டான். பின்னாடி வந்த லாரிக்காரர் 'போ போ'ன்னு விளக்கு அடிச்சும் போகல. லாரி போன அப்புறம்தான் கிளம்பினான். கதவுக் கைப்பிடியை நான் தொட்டுட்டேன் மேடம், பூட்டியிருந்துச்சு! இதைச் சொன்னா முதலாளி சிரிக்கிறாரு."

கொழுந்தனுக்கும் சிரிப்பு வந்தது. "மன்னிச்சுக்கங்க அண்ணே. இவ்வளவு மரியாதையா என் கல்யாண ஊர்வலக் கார்கூட ஓடல."

சர்வேயர் சிரிக்கவில்லை. "கவனிச்சியா? பொய் சொல்றவன் நாம நம்புற மாதிரி திருடனைத்தான் உண்டாக்குவான். கத்தி, முரட்டு மீசை, புழுதி கிளப்பிட்டுப் பறந்த கார். பெல்ட் போட்ட திருடனை யாரும் கற்பனை பண்ண மாட்டாங்க. அதனால இவர் சொல்றது உண்மை." டிரைவரிடம் திரும்பினார். "வேன்ல நீங்க உயரமா உட்கார்ந்திருந்தீங்க. கார் கூரை தெரிஞ்சிருக்குமே?"

டிரைவர் யோசித்தார். "தெரிஞ்சுது. ஒரே தூசி. நடுவுல மட்டும் குறுக்கால ஒரு பட்டை, துடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு."

சர்வேயரின் முகத்தில் ஒரு வெளிச்சம். "தம்பி, வண்டியை எடு."

*

போகும் வழியில் அவர் விளக்கினார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் அவருக்குப் பசியே எடுக்காது.

"கூரையில குறுக்கால பட்டையா எதை வைப்பாங்க? டிரைவிங் ஸ்கூல் பலகை. சில பேர் அதைக் கால் வெச்சு போல்ட் போட்டு மாட்டுவாங்க. அது கூரையைத் தொடாது, அடியில தூசி படியும். கழட்டவும் நேரமாகும். சில பேர் அடியில காந்தம் வெச்ச பலகையை அப்படியே ஒட்டுவாங்க. ஒரு கையால எடுத்துடலாம். எடுத்தா அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும்."

"அப்போ திருடன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்! அதான் அவ்வளவு ஒழுங்கு. கேஸ் முடிஞ்சுது அண்ணி, டீ குடிக்கலாமா?"

"பொறு."

கொழுந்தன் ஊரில் உள்ள டிரைவிங் ஸ்கூல்களுக்கெல்லாம் போன் போட்டு, ஸ்கூல் ஆரம்பிக்கப் போகிறவன் போலப் பலகை எங்கே செய்தீர்கள் என்று விசாரித்தான். காந்தப் பலகை வைத்திருந்தது ஒரே ஒருவர். கடைவீதி முக்கில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்த ஸ்கூல். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் வரைந்த அட்டைகள். வாசலில் வெள்ளைக் கார். கூரையில் பலகை இருந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாக. சுத்தமான பட்டையின் ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "வாங்கம்மா. பதினஞ்சு நாள்ல ரோட்டுக்கு ராணி ஆக்கிடுறேன். என்கிட்ட கத்துக்கிட்டவங்க ஹாரன் அடிக்க மாட்டாங்க. கோடு தாண்ட மாட்டாங்க. ரோடுங்கிறது ஒரு ஒழுக்கம்மா!"

"காலையில கார் எங்கே இருந்துச்சு?"

"இங்கதான்... இங்கதானே நிக்கும்" என்றார் மாஸ்டர். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி அவர் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்லது. ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்களேன். உங்க ஒழுக்கத்தைப் பார்த்துட்டு சேர்றேன்."

அந்தச் சுற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே கருணை. மாஸ்டர் பெல்ட்டைத் தொப்பைக்கு முன்னால் இழுத்துப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கண்ணாடியில் மீசையைப் பார்த்தார், சாலையைப் பார்க்கவில்லை. ஹாரன் மேல் உள்ளங்கையை ஊன்றி, அதை ஓய்வெடுக்கும் இடமாகப் பயன்படுத்தினார். பின்சீட்டில் கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

முன்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரர் பக்கவாட்டு ஸ்டாண்டை எடுத்துவிட மறந்து போய்க்கொண்டிருந்தார். இடது பக்கம் சாய்ந்து திரும்பினால் ஸ்டாண்டு தரையில் இடித்து ஆளைத் தூக்கி எறியும். மாஸ்டருக்குச் சமூக அக்கறை பொங்கியது. காரை ஸ்கூட்டரோடு உரசுகிற மாதிரி கொண்டுபோனார், விடாமல் ஹாரன் அடித்தார், சீட்டைத் தாண்டி இடது ஜன்னல் வரைக்கும் எக்கிக் கத்தினார்.

"யோவ்! ஸ்டாண்டு! ஸ்டாண்டுய்யா! கண்ணு இல்ல?"

ஸ்கூட்டர்க்காரர் பதறி மாஸ்டரைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார், ஆடினார், நடைபாதை விளிம்பில் முட்டி நின்றார். நல்லவேளையாக விழவில்லை. மாஸ்டர் திருப்தியோடு ஸ்டியரிங்குக்குத் திரும்பினார். "நான் சொல்லலைன்னா விழுந்திருப்பான்."

"நீங்க சொன்னதாலதான் விழப் பார்த்தாரு" என்றார் சர்வேயர். அடுத்தவருக்கு எச்சரிக்கை சொல்வது எப்படி என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன், அல்லது ஒரு மினுக்கல். பக்கத்தில் போகும்போது இடைவெளி விட்டு, கோளாறு எங்கேயோ அந்த இடத்தை ஒரு தடவை விரலால் காட்டுவது. அவர் நம்மையே பார்த்துக்கொண்டு ஓட்டும்படி செய்யாமல் நகர்ந்துவிடுவது. எங்கே நிறுத்தலாம் என்பதை அவரே பார்த்துக்கொள்வார். நாம் சொல்வது அவர் காதுக்கல்ல, கண்ணுக்கு. அந்தக் கண் சாலைக்கும் வேண்டும். மாஸ்டரின் சுவரில் இது படமாகவே ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் எப்போதும் உட்கார்ந்திருந்தார்.

கார் நின்றதும் கொழுந்தன் இறங்கித் தரையைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணி, காலையில பெட்டியை எடுத்தது சத்தியமா இந்த ஆள் இல்ல. இவரா இருந்தா பெட்டி, வேன், லாரி மூணுமே இப்ப ஆஸ்பத்திரியில இருக்கும்."

"அதேதான். நாம தப்பா நினைச்சோம். ஒழுங்கா ஓட்டுறவங்க சொல்லிக்கொடுக்குறவங்க இல்ல. அனுபவசாலியும் இல்ல. இன்னும் டெஸ்ட்டுக்கே போகாதவங்க! பயத்துல ஒவ்வொண்ணையும் வரிசையா மனப்பாடமாச் செய்யுறவங்க. திருடும்போதும் கை அந்த வரிசையை விடல."

"நான் லைசன்ஸ் வாங்கின அன்னிக்கே எல்லாத்தையும் மறந்துட்டேன்."

"தெரியும். தினமும் உன்கூடத்தானே உயிரைக் கையில பிடிச்சிட்டு வர்றேன்." மாஸ்டரைப் பார்த்தார். "லைசன்ஸ் இல்லாத ஆளுக்குத் தனியா ஓட்டக் காரைக் கொடுத்தீங்க. சரியா?"

மாஸ்டரின் கர்ச்சீப் நனைந்துவிட்டது. "பெரிய இடம்மா. பேர் கேட்காதீங்க. வீட்டுக்கே தெரியாமக் கத்துக்குறாரு. ஆனா ஒண்ணு சொல்றேன், என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஸ்டூடன்ட் வந்ததில்ல. கை காட்டுறதைப் பார்க்கணும், நாட்டியம் மாதிரி இருக்கும்!"

"பேர் வேண்டாம்" என்றார் சர்வேயர். "அவரே சொல்லட்டும்."

*

முதலாளி அறையில் போன் மேசை நடுவில் தயாராக வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் கதவோரம் நின்றிருந்தார். மாப்பிள்ளை சோபாவில் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தார்.

"கக்கினானா?" என்றார் முதலாளி.

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பெட்டி முன்சீட்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இவனுக்கு. மாப்பிள்ளைக்கு. வேற யாருக்கும் தெரியாது. அதான் இவன்தான்னு சொல்றேன்!"

"நீங்க கார் ஓட்டுவீங்க இல்லையா?"

"முப்பது வருஷமா! என் காரைப் பார்க்கலையா?"

பார்த்திருந்தார். நான்கு மூலையிலும் நசுங்கல். ஒழுங்காகக் கை காட்டும் ஆசாமியின் கார் அப்படி இருக்க வழியில்லை.

"மாப்பிள்ளை?"

முதலாளி சிரித்தார். "அவருக்குச் சைக்கிளே வராதும்மா. வந்த நாளிலிருந்து இவன்தான் ஏத்தி இறக்குறான்."

"எனக்கு அந்த மாதிரி வேலையெல்லாம் பழக்கமில்ல" என்றார் மாப்பிள்ளை. "சிந்திக்கிறவனுக்கு கியர் எதுக்கு?"

"சரி. ஒரு சின்ன சுற்று போயிட்டு வந்துடலாம். எப்படி நடந்துச்சுன்னு காட்டுறேன்."

கம்பெனிக்குப் பின்னால் ஆளோட்டம் இல்லாத ஒரு அகலச் சாலை இருந்தது. கொழுந்தன் ஓட்டினான். பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் சர்வேயர், நடுவில் முதலாளி, அந்தப் பக்கம் டிரைவர். டிரைவரின் தோளோடு தோள் உரசுவதை முதலாளியால் தாங்க முடியவில்லை. ஆனால் தாங்கினார்.

அண்ணி சொல்லி வைத்தபடி கொழுந்தன் மெதுவாகத்தான் ஓட்டினான், ஆனால் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தான். பெல்ட் இல்லை. இண்டிகேட்டர் இல்லாமல் திரும்பினான். கியரைக் கரகரவென்று அரைத்தான்.

சர்வேயர் டிரைவரின் முழங்கையைத் தொட்டு, முன்சீட்டின் கீழே காட்டினார். டிரைவர் எட்டிப் பார்த்தார். கொழுந்தன் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் மாப்பிள்ளையின் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே கிளட்ச் கிடையாது. ஓட்டவே தெரியாதவன் காரில் கால்கள் சும்மா கிடக்கும். புதிதாகக் கற்றவன் கால்களுக்கு எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது.

கொழுந்தன் ஓரமாக நிறுத்தினான். திரும்பவும் கிளம்புவதுபோல ஸ்டியரிங்கை ஒடித்தான். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பின்னால் தூரத்தில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையால் அதற்கு மேல் முடியவில்லை.

"தோளுக்குப் பின்னாடி பாருங்க! கண்ணாடியில தெரியாத இடம்னு ஒண்ணு இருக்குல்ல? சைக்கிள் வருது! முதல்ல கண்ணாடி, அப்புறம் இண்டிகேட்டர், அப்புறம் தோள்! இதுகூடத் தெரியாம எவன் உங்களுக்கு லைசன்ஸ் கொடுத்தான்?"

சைக்கிள் கடந்து போயிற்று. முதலாளி முன்சீட்டின் பக்கம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளை" என்றார். "உங்களுக்கு எப்படி இதெல்லாம்..."

"பொதுவா... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மாமா."

"எனக்கே தெரியாதே சார்!" என்றான் கொழுந்தன். "நான் ஓட்டுறதே பத்து வருஷமா."

சர்வேயர் முன்சீட்டின் முதுகில் கை வைத்தார். "காந்தப் பலகையைக் கோணலா வெச்சுட்டு வந்துட்டீங்க. அது மட்டும்தான் ஒழுங்கா இல்ல. மாஸ்டர் உங்களைத்தான் புகழ்ந்துட்டிருக்காரு."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. மறுக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் தற்பெருமை முந்திக்கொண்டது.

"யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லாமத்தான் பண்ணேன்! அகலமான இடமாப் பார்த்துத்தான் ஒதுங்கச் சொன்னேன். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கல. வேற எவனாவது இருந்தா நடுரோட்டுல மறிச்சிருப்பான்!"

"ஆமா" என்றார் சர்வேயர். "ரோட்டுல இருந்த எல்லாரையும் பத்திரமாப் பார்த்துக்கிட்டீங்க. உங்களை நம்பி வண்டியை நிறுத்தின ஒரு ஆளைத் தவிர."

மாப்பிள்ளையின் அலமாரியிலிருந்தே பெட்டி வந்தது. ஏன் என்று முதலாளி கேட்டதற்கு அவர் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டார். முதலாளி பேக்கிங் கூடத்தில் நின்றபடியே ஷூவை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். நாலைந்து அடிதான். வலது ஷூவின் அடித்தோல் முன்பக்கம் பிரிந்து, முதலையைப் போல வாயைப் பிளந்தது. கண்காட்சியில் வந்தவர்களெல்லாம் போட்டு நடந்து பார்ப்பார்கள் என்பது மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் முன்னால்தான் உறைத்திருக்கிறது. புதுமை பல்லிளிப்பதைவிடத் தொலைந்துபோவது கௌரவம். அதற்கு ஒரு திருடன் வேண்டும். டிரைவர் கையருகில் இருந்தார்.

முதலாளி ஷூவைக் கழற்றினார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது முதல் தடவையாக அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து டிரைவர் பக்கம் நீட்டினார். "சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. குடும்பத்து விஷயம், வெளியே போக வேண்டாம். நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

டிரைவர் கையை நீட்டவில்லை. "என்னைத் திருடன்னு சத்தமாச் சொன்னீங்க முதலாளி."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். அட்டைப்பெட்டி மடிக்கும் கைகள் காத்திருந்தன. சர்வேயர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், உதவுகிற எண்ணமே இல்லாமல்.

"இவன்... இவர் எடுக்கல" என்றார் முதலாளி தொண்டைக்குள்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலயாம் சார்" என்றான் கொழுந்தன்.

"இவர் எடுக்கல! இவர் சொன்னதெல்லாம் உண்மை!"

டிரைவர் தலையாட்டினார். சாவியை வாங்கினார். நேராகப் படியோரம் நின்றிருந்த மாப்பிள்ளையிடம் போய், அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினார்.

"இனிமே இவரே ஓட்டட்டும் முதலாளி. ரொம்ப ஒழுங்கா ஓட்டுறாரு. நான் பின்னாடி நின்னு பார்த்திருக்கேன்."

சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவிலேயே நடந்து வெளியே போனார்.